வாயை அடைக்கச் சொன்ன கதை

பல வருடங்களுக்கு முன்பு நடந்தது. ஒரு கணக்குத் தேர்வு தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. 30 பேர் இருந்த வகுப்பில் பெண்கள் ஆறே பேர். அவர்களைப் பார்த்து, "பொண்ணுங்களுக்குக் கணக்கு வராதுன்னு சொல்றவங்க வாயை இன்னைக்கு நீங்க அடைக்கணும்" என்றேன். உற்சாகப்படுத்துவதாக நினைப்பு. தேர்வு முடிந்ததும், நன்றாகப் படிக்கும் மாணவி ஒருவர் வந்து சொன்னார்: "சார், நீங்க அதைச் சொல்ற வரைக்கும் நான் கணக்கை மட்டும்தான் யோசிச்சிட்டிருந்தேன்."

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. நல்லதைச் சொன்னால் இப்படியா என்று. அவர் சொன்னது உறைக்கச் சில வருடங்களும் கொஞ்சம் வாசிப்பும் தேவைப்பட்டன.

உளவியலில் இதை 'ஸ்டீரியோடைப் த்ரெட்' என்கிறார்கள். முத்திரை அச்சம் என்று வைத்துக்கொள்வோம். நம் கூட்டத்தைப் பற்றி மட்டமான ஒரு பேச்சு உலவுகிறது. நான் இப்போது சொதப்பினால் அது என் சொதப்பலோடு முடியாது, அந்தப் பேச்சுக்கு இன்னொரு சாட்சியாகிவிடும். இந்த நெருக்கடிதான் விஷயம். அந்தப் பேச்சை நாம் நம்பவே வேண்டாம், எதிரில் இருப்பவர் நம்பக்கூடும் என்று தெரிந்தாலே போதும். மனதில் கணக்குப் போடும் இடத்தில் ஒரு பகுதியை, நம்மை நாமே கண்காணிக்கும் வேலை பிடித்துக்கொள்கிறது. அந்தப் பாடத்தின் மேல் அக்கறை இல்லாதவருக்கு இந்தத் தொல்லை குறைவு. பிடித்துப் படிப்பவர்தான் அதிகம் மாட்டுகிறார்.

1995இல் உளவியலாளர்கள் கிளாட் ஸ்டீலும் ஜோஷுவா ஆரன்சனும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில் ஆரம்பித்தது இது. கடினமான மொழித் தேர்வு ஒன்றை 'இது உங்கள் திறனை அளக்கும்' என்று சொல்லிக் கொடுத்தபோது கறுப்பின மாணவர்கள் வெள்ளை மாணவர்களைவிடப் பின்தங்கினார்கள். 'சும்மா ஒரு ஆய்வுக்காக' என்று சொன்னபோது அந்த இடைவெளி குறைந்தது. இதைப் பலரும் 'இரு தரப்பும் ஒரே மதிப்பெண் வாங்கினார்கள்' என்று சொல்லிவிடுகிறார்கள், நானும் மேடையில் சொல்லியிருக்கிறேன். அது தப்பு. இரு தரப்புக்கும் நுழைவுத் தேர்வில் ஏற்கெனவே இருந்த மதிப்பெண் இடைவெளியைக் கணக்கில் எடுத்துச் சரிக்கட்டிய பிறகுதான் இந்த முடிவு கிடைத்தது. அந்தப் பழைய இடைவெளிக்குப் பின்னால் வேறு எத்தனையோ காரணங்கள் உண்டு.

இது ஒடுக்கப்பட்டவர்களுக்கு மட்டும் வரும் நோய் என்றும் நினைக்க வேண்டாம். 1999இல் வந்த இன்னொரு ஆய்வில், கணக்கில் கெட்டிக்காரர்களான வெள்ளை ஆண்களிடம் 'ஆசியர்கள் உங்களைவிட இதில் நன்றாகச் செய்கிறார்கள்' என்று சொன்னதும் அவர்களும் தடுமாறினார்கள்.

என்னை அதிகம் உலுக்கியது பொருளியலாளர்கள் கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் இந்தியக் கிராமப்புறத்துப் பையன்களை வைத்துச் செய்த ஆய்வு. உயர்த்தப்பட்ட சாதியினர் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதியினர் 321 பேர். வேலை, தாளில் வரைந்த புதிர்ப்பாதைகளுக்கு வழி கண்டுபிடிப்பது. சாதியைச் சொல்லாதவரை இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. எல்லோர் முன்னாலும் பெயரோடு சாதியையும் வாசித்ததும் பெரிய இடைவெளி வந்துவிட்டது. ஆனால் பரிசு யாருக்கு என்பதைக் குலுக்கல் முடிவுசெய்த சுற்றில் அந்த இடைவெளி மறைந்துபோனது. பையன்கள் தங்கள் மூளையைச் சந்தேகிக்கவில்லை, மதிப்பிடுகிறவரின் நேர்மையைச் சந்தேகித்தார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அனுபவம் அவர்களுக்கு அப்படித்தானே சொல்லிக்கொடுத்திருக்கும்?

சரி, மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2018இல் நெதர்லாந்துப் பள்ளிகளில் 2,000க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து, முடிவைப் பார்த்துவிட்டு மாற்ற முடியாதபடி செய்முறையை முன்கூட்டியே பதிவுசெய்துவிட்டு நடத்திய ஆய்வில் மாணவிகளின் கணக்கு மதிப்பெண்ணில் இந்த விளைவு தென்படவே இல்லை. பழைய ஆய்வுகள் பலவற்றில் ஆட்கள் குறைவு. விளைவு தெரிந்த ஆய்வுகள் அச்சேறின, தெரியாதவை மேசை இழுப்பறையில் தங்கிவிட்டன என்ற சந்தேகமும் நியாயமானது. ஒற்றை வாக்கியம் மதிப்பெண்ணை இத்தனை சரிக்கும் என்று நான் நம்பிய அளவுக்கு இப்போது நம்பவில்லை. என் மாணவி அன்று குறைந்த மதிப்பெண் வாங்கினாரா என்று கேட்பீர்கள். இல்லை, வழக்கம்போல நன்றாகவே எழுதியிருந்தார்.

என் பார்வையில் விஷயமே அங்கேதான் இருக்கிறது. மதிப்பெண் விழாததால் நஷ்டமே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். அதே மதிப்பெண்ணுக்கு அவர் எவ்வளவு கூடுதலாக உழைத்தார் என்பதை எந்த விடைத்தாள் காட்டும்? கூட்டத்தில் கை தூக்குவதற்கு முன் கேள்வியை மூன்று முறை மனதுக்குள் திருத்திக்கொள்வது, தெரியாததைக் கேட்காமல் விடுவது, பேசி முடித்து வீடு திரும்பியும் 'அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ' என்று உருட்டிக்கொண்டிருப்பது. ஒரு நாள் என்றால் தாங்கலாம். இருபது வருடம் இப்படியே என்றால், ஒரு கட்டத்தில் 'எனக்கு இந்தத் துறையே பிடிக்கவில்லை' என்று சொல்லிவிட்டுப் போவதுதான் சுலபம். வயதான ஒருவர் பெயரை மறந்தால் 'வயசாயிடுச்சுல்ல' என்கிறோம். நாம் மறந்தால் வெறும் மறதி. கொஞ்ச நாளில் அவர் பெயர் சொல்லி அழைப்பதையே விட்டுவிடுகிறார்.

'நானும் அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவன்தான், எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று இதைப் படிக்கும் யாராவது எழுதப்போகிறீர்கள். உங்களால் முடிந்தது, சந்தோஷம். ஆனால் 'தன்னம்பிக்கையோடு இரு' என்று பாதிக்கப்படுகிறவரின் தலையிலேயே வேலையைக் கட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. அறையை நடத்துகிறவர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. விண்ணப்பத்திலோ தேர்விலோ இனம், பாலினம் பற்றிய கேள்விகளைக் கடைசிக்குத் தள்ளலாம். எதை வைத்து மதிப்பிடப்போகிறோம் என்று முதலிலேயே சொல்லலாம். குறை சொல்லும்போது, 'நான் எதிர்பார்ப்பது உயரம், உன்னால் அதைத் தொட முடியும், அதனால்தான் இவ்வளவு திருத்துகிறேன்' என்று சொல்லலாம். வெறும் பாராட்டை மாணவர்கள் நம்புவதில்லை. இரக்கத்தில் சொன்னதா, உண்மையா என்று அவர்களுக்கு வாசனையிலேயே தெரிந்துவிடுகிறது.

இப்போதெல்லாம் தேர்வுக்கு முன்னால் நேரம் எவ்வளவு, எந்தக் கேள்வியில் அச்சுப் பிழை இருக்கிறது, வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு என்பதை மட்டும் சொல்கிறேன். அப்புறம் வாயை மூடிக்கொண்டு பின்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.