தேவாலய மண்டபத்தில் தங்கினால் நிவாரணம் வெட்டா?

"தேவாலய முகாமில் ஜெபத்துக்கு வந்தால்தான் சாப்பாடு. அங்கே தங்கினால் அரச நிவாரணமும் வெட்டு." திருகோணமலை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தக் குரல்பதிவு பிழை.

அனர்த்த நிவாரணத்துக்குக் கிராம உத்தியோகத்தரின் பதிவுதான் கணக்கு. பள்ளிக்கூடம், கோயில், தேவாலயம், சொந்தக்காரர் வீடு என எங்கே தங்கினாலும் பதியலாம். சந்தேகமென்றால் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் அழைக்கலாம்.

ஜெபத்துக்கு வந்தால்தான் சாப்பாடு என்பதைப் பொறுத்தவரை, கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான கரித்தாஸ் ஏற்ற 1994ஆம் ஆண்டு மனிதாபிமான நடத்தைக் கோவை, மதம் பாராமல் உதவவேண்டும், உதவியைப் பிரசாரமாக்கக் கூடாது என்கிறது.

தொண்டுக்குப் போகிறவர்கள் இந்தக் குரல்பதிவைக் கேட்டுத் தயங்கவேண்டாம். முகாம் பொறுப்பாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். பழைய உடுப்பு மூட்டையைவிட (அது எப்போதும் குவிந்துவிடும்) கிடாரத்தில் சோறு கிளறவும் கழிப்பறை கழுவவும்தான் ஆள் போதாது.

குரல்பதிவு வந்தால் அழித்துவிடுங்கள். பகிரவேண்டாம்.