பி.ஐ-1: அமிலத்துக்கு அஞ்சினார்கள், காற்றை மறந்தார்கள்

ராக்கெட் போர் விமானம் என்றதும் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் கோமெட்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. அதே காலத்தில் சோவியத் ஒன்றியத்தில் உருவான பி.ஐ-1 பற்றி எழுதுபவர்கள் குறைவு. எழுதுபவர்களும் சோதனை விமானி கிரிகோரி பக்சிவாஞ்சியின் வீரமரணத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவருடைய துணிச்சலை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அவரைக் கொன்றது எது என்பதைப் பேசாமல் வீரத்தை மட்டும் போற்றுவது எனக்கு உடன்பாடில்லை.

பெரெஸ்னியாக், இசாயேவ் என்ற இரு பொறியாளர்களின் பெயர்களின் முதலெழுத்துகளே இந்த விமானத்தின் பெயரானது. 1941இல் ஜெர்மானியப் படை மாஸ்கோவை நெருங்கியபோது, அவர்களுடைய வடிவமைப்பகம் உரால் பகுதியின் பிலிம்பாய்க்கு இடம்பெயர்ந்தது. ஒட்டுப்பலகையாலான சிறிய உடல். அதன் வாலில், மண்ணெண்ணெயையும் நைட்ரிக் அமிலத்தையும் எரித்து 1,100 கிலோ உந்துவிசை தரும், பொறியாளர் துஷ்கின் வடிவமைத்த ராக்கெட் எஞ்சின். அமிலம் குழாய்களையும் கலன்களையும் அரித்துக்கொண்டே இருந்தது. 1942 பிப்ரவரியில் தரைச் சோதனையின்போது எஞ்சின் வெடித்தது; விமானி அறையில் இருந்த பக்சிவாஞ்சியின் தலை கருவிப்பலகையில் மோதியது. அருகில் நின்ற பொறியாளர் அர்விட் பல்லோவின் முகத்தில் அமிலம் பீய்ச்சியடித்தது. மூக்குக்கண்ணாடி அணிந்திருந்ததால் கண்கள் தப்பின.

எனவே அனைவரின் கவலையும் எஞ்சினைச் சுற்றியே இருந்ததில் வியப்பில்லை. 1942 மே 15 அன்று கோல்த்சோவோ விமானத்தளத்தில் பக்சிவாஞ்சி முதன்முறையாக ராக்கெட் விசையில் எழும்பி, சுமார் மூன்று நிமிடங்களில் தரையிறங்கினார். இறங்கும்போது சக்கரத் தாங்கி முறிந்தது என்றாலும் எஞ்சின் ஏமாற்றவில்லை.

1943 மார்ச் 27 அன்று, தாழ்வான உயரத்தில் கிடைமட்டமாகப் பறந்து வேகத்தைக் கூட்டிக்கொண்டிருந்த விமானம் திடீரென மூக்கைக் கவிழ்த்துத் தரையில் மோதியது, பக்சிவாஞ்சி உயிரிழந்தார். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்று அழுத்தப்பட்டு, இறக்கை மீதான விசைகள் இடம்மாறி விமானத்தைக் கீழ்நோக்கித் தள்ளும் என்பதை முன்கூட்டியே அளந்து பார்க்க அவர்களிடம் தகுந்த காற்றுச் சுரங்கம் (விமான மாதிரியின் மீது காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் கூடம்) இருக்கவில்லை. அதிவேகக் காற்றுச் சுரங்கம் இயங்கத் தொடங்கிய பிறகுதான் காரணம் விளங்கியது. அளக்க முடியாத வேகத்தை ஒரு மனிதரை வைத்து அளந்தார்கள் என்றே இதை நான் பார்க்கிறேன். போரின் நெருக்கடி அந்த அவசரத்தை விளக்கலாமே தவிர, அதை நியாயப்படுத்தாது.

தொடர் உற்பத்தி கைவிடப்பட்டது. அதற்காக இந்த விமானத்தைத் தோல்வி என்று ஒதுக்குபவர்களோடும் நான் உடன்படவில்லை. துஷ்கினின் எஞ்சினோடு போராடித்தான் இசாயேவ் ராக்கெட் எஞ்சின் வடிவமைப்பாளராக மாறினார். 1961இல் விண்வெளி வீரர் ககாரினைச் சுற்றுப்பாதையிலிருந்து இறக்க, விண்கலத்தின் வேகத்தைக் குறைத்த எஞ்சின் அவருடைய பணிமனையில் உருவானதே. பக்சிவாஞ்சிக்குச் சோவியத் ஒன்றியத்தின் வீரர் பட்டம் 1973இல்தான் வழங்கப்பட்டது.