கோடு எந்தப் பக்கம் இறங்குது?

சனிக்கிழமை ராத்திரி பின்கட்டுக் கழிவறைக்குப் போவதற்கு என் மகளைத் துணைக்கு எழுப்பினேன். எனக்கு வயது 53. கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நீங்களா இப்படி?" என்று சிரித்தாள். தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டில் பிறந்தவள் நான். கக்கூசுக்குப் போக மண்ணெண்ணெய் விளக்கோடு ரப்பர் மரத்து நிழலைத் தாண்டி நடந்தவள். அப்படிப்பட்டவளைப் பயமுறுத்தியது, ஒரு பெண்பிள்ளை காகிதத்தைப் பார்த்து இருபது நிமிடம் வாசித்த ஒரு கதை.

மலேசியாவில் நம்ம சுங்கை சிப்புட்டில், கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்தில்தான் நடந்தது. திகில் கதை எழுதுகிற மூன்று பேர் வந்து தங்கள் கதையைத் தாங்களே வாசிப்பார்கள் என்று சொன்னார்கள். என் தையல் கடைக்கு ரவிக்கை கொடுக்க வந்த அக்காதான் இழுத்துக்கொண்டு போனார். நான் பெரிய ஆசையோடு போகவில்லை. நம் இலக்கிய நிகழ்ச்சிகள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குத்துவிளக்கு, தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை, சிறப்புரை. நடுவில் பொன்னாடை. முதல் நூலை வாங்கும் பிரமுகர் உறையை நீட்டும்போது எல்லாரும் எழுந்து நின்று படம் எடுப்பார்கள். எழுதியவருக்குக் கடைசியில் ஏற்புரை என்று ஐந்து நிமிடம். அதற்குள் பின்வரிசையில் மீகூன் (அரிசிச் சேமியா) பொட்டலம் பிரிக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். ஒருமுறை ஒரு பேய்க்கதைத் தொகுப்பின் வெளியீட்டுக்குப் போனேன். மூன்று மணி நேரம் உட்கார்ந்தும் ஒரு பேயைக்கூடப் பார்க்காமல் வீடு திரும்பினேன். அதைவிடக் கொடுமை, நூலை ஆய்வு செய்ய வந்தவர் எல்லாக் கதைகளின் முடிவையும் மேடையிலேயே சொல்லிவிட்டார். காசு கொடுத்து வாங்கிய புத்தகம் இன்னும் அலமாரியில் கிடக்கிறது. இனி எதற்குப் படிப்பது?

அதனால்தான் எழுதுகிறேன். பேய்க்கதை எழுதுகிறவர்களே, தயவுசெய்து உங்கள் கதையைப் பற்றிப் பேசாதீர்கள். கதையை வாசியுங்கள். அதையும் அந்தக் கதைக்குச் சொந்தக்காரர்கள் முன்னால் வாசியுங்கள், முடிந்தால் அச்சுக்குப் போவதற்கு முன்பே.

சனிக்கிழமைக்கு வருகிறேன். முதலில் வாசித்தவர் கைப்பேசியில் நரி ஊளையிடும் சத்தமெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். "திடீரென்று!" என்று அவர் கத்த, ஒலிபெருக்கி கீச்சிட்டதில் எல்லாரும் துள்ளினோம், பேய்க்காக அல்ல. கதையில் ஒரு ஜமீன் மாளிகை, நூறு வருடம் பூட்டிக் கிடந்த அறை. அய்யா, நம் ஊரில் ஏது ஜமீன்? 1948 ஜூன் 16-இல் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டு, நாடே அவசரகாலத்துக்குள் போனதே, அது இந்த ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்து ஆரம்பித்தது. பூட்டிக் கிடக்கும் பங்களா வேண்டும் என்றால் மலேசியாவை விட்டு வெளியே போக வேண்டியதே இல்லை. "அச்சத்தின் கோரப்பிடியில் அவன் ஆழ்ந்தான்" என்று அவர் வாசித்தபோது முன்வரிசைப் பையன் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான். அவனைத் திட்ட மனம் வரவில்லை. தாளில் பல்லிளிக்காத வாக்கியம் வாய்க்கு வந்ததும் இளித்துவிடுகிறது. வாசித்துப் பார்க்கச் சொல்வதற்கு அது ஒன்றே போதும்.

இரண்டாமவர் பரவாயில்லை. மூன்றாவதாக வந்தவள் அந்தப் பிள்ளை.

முப்பது வயதுகூட இருக்காது. மைக் வேண்டாம் என்றாள். நாற்காலியை மேடையிலிருந்து கீழே இறக்கிப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தாளை எடுத்தாள். மண்டபத்தின் இடப்பக்க டியூப் லைட்டு ஒன்று ரொம்ப நாளாகவே மினுக்கிக்கொண்டிருக்கும். அது அவள் தலைக்கு மேலேதான். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ரேஷன் சாமான் பட்டியலை வாசிப்பதுபோல வாசித்தாள்.

கதை சின்னதுதான். ஒரு அப்பா விடிவதற்கு முன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறார். முதல் மரத்தில் ஏற்கெனவே யாரோ கோடு வெட்டியிருக்கிறார்கள். பால் வடிகிற கிண்ணம், அந்த மங்கு நிறையப் பால். எவனோ தன் மர வரிசையை விட்டு நிரை மாறி வெட்டிவிட்டான் என்று நினைத்து அடுத்த மரத்துக்குப் போகிறார். அங்கேயும் வெட்டியிருக்கிறது. மங்கில் முக்கால்வாசி. அடுத்ததில் பாதி. அதற்கடுத்ததில் அடியில் கொஞ்சம். பால்வெட்டுத் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்திலேயே வயிற்றைப் பிசையும். பால் குறைகிறது என்றால், வெட்டியவன் இப்போதுதான் போகிறான் என்று அர்த்தம். இவர் ஒவ்வொரு மரமாக அவனை நெருங்கிக்கொண்டிருக்கிறார். கடைசியாக ஒரு மரம். மங்கு காலி. புதுக் கோட்டில் முதல் சொட்டு உருள்கிறது. பக்கத்து மரத்துக்குப் பின்னால் கத்தி பட்டையைச் சீவுகிற சத்தம்.

அங்கே நிறுத்திவிட்டுத் தாளை மடித்தாள்.

யாரும் கை தட்டவில்லை. வெளியே தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது, அவ்வளவுதான். அப்புறம் இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு பாட்டி கேட்டார், "ஏம்மா பாப்பா, கோடு எந்தப் பக்கம் இறங்குது?"

பிள்ளைக்குப் புரியவில்லை. "எந்தக் கோடு பாட்டி?"

"அது வெட்டுன கோடு. நாமல்லாம் இடது கைப்பக்கம் மேல ஆரம்பிச்சு வலது கைப்பக்கம் கீழ இறக்குவோம். மனுசன் வெட்டுனா அப்படித்தான் இருக்கும். அது வெட்டுனா எப்படி இருக்கும்?"

என் கையில் மயிர்க்கால் எழுந்தது நிஜம். பால்குழாய்கள் பட்டைக்குள் நேராக ஏறுவதில்லை, லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறக்கி வெட்டினால்தான் நிறையக் குழாய்கள் அறுபடும், பாலும் கூடும். என் அம்மாவுக்குக் காரணமெல்லாம் தெரியாது, கைக்குத் தெரியும். இத்தனை வருடமாகத் தோட்டத்துக் கதைகளைப் படிக்கிறேன், எழுதுகிற யாருக்கும் இந்தக் கேள்வி தோன்றியதாக எனக்கு நினைவில்லை. நாற்பது வருடம் கத்தி பிடித்த ஒரு கிழவிக்குக் கேட்ட மாத்திரத்தில் தோன்றியது. அந்தப் பிள்ளை பென்சிலை எடுத்துத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். பிறகு, "பாட்டி, அந்த ஒரு பக்கத்தைத் திரும்ப வாசிக்கட்டுமா?" என்று கேட்டு, கோட்டைத் தலைமாற்றி இறக்கி வாசித்தாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மகள் துணை தேவைப்பட்டது.

இதெல்லாம் புதுசு ஒன்றும் இல்லை. கேம்பிரிட்ஜில் எம். ஆர். ஜேம்ஸ் என்ற அறிஞர் கிறிஸ்துமஸ் ராத்திரிகளில் நண்பர்களைக் கூட்டிவைத்து, ஒரு மெழுகுவத்தியைத் தவிர மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு, தான் எழுதிய பேய்க்கதையை வாசிப்பாராம். ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் இதற்கு நேர் எதிர். 1869-இல் ஒரு கொலைக் காட்சியை மேடையில் வாசிக்க ஆரம்பித்தார். வாசிக்கும் பிரதியின் ஓரத்தில் 'கடைசிவரை பயங்கரம்' என்று தனக்குத்தானே எழுதி வைத்திருந்தார். கடைசி வாசிப்புகளில் அவருடைய நாடி எகிறியதை மருத்துவர் எண்ணிக் குறித்திருக்கிறார். 1870 ஜூனில் இறந்தும் போனார். அதனால் நரி ஊளைக்காரருக்கும் பெரிய முன்னோடி இருக்கிறார் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிக்கன்ஸுக்குக் கைப்பேசி தேவைப்படவில்லை.

நியூயார்க்கில் கேஜிபி பார் என்ற மதுக்கூடத்தில் மாதம் ஒரு புதன்கிழமை, திகில் கதையும் மிகைபுனைவும் எழுதுகிற இரண்டு பேர் வந்து வாசிக்கிறார்கள். இருபது வருடத்துக்கும் மேலாக நடக்கிறது. பொன்னாடை கிடையாது. மதுக்கூடமா என்று முகம் சுளிக்க வேண்டாம். நம் தோட்டத்துக் கள்ளுக்கடையில் நடக்காத பேய்க்கதை வாசிப்பா? அங்கே தாள் இருக்காது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

"இதுக்குப் போய் மண்டபம் எதுக்கு, முகநூலில் நேரலை போட்டால் போதுமே" என்று ஒரு தம்பி சொன்னார். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நேரலையில் பயம் வராது தம்பி. அடுப்பில் ரசம் பொங்கும், யாராவது கதவைத் தட்டி ரவிக்கை கேட்பார்கள், நடுவில் ஒருவர் பூங்கொத்துப் படம் அனுப்புவார். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டால்தான் நமக்கும் பிடிக்கும். அதைவிட முக்கியம், அந்தப் பாட்டி நேரலையில் என்ன கருத்தா போட்டிருப்பார்? அவரிடம் இருப்பது பொத்தான் போன்.

அப்படிக் கேள்வி கேட்கிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள் என்பதுதான் என் அவசரம். ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது. சில இடத்தில் செம்பனையும் போய் வீடமைப்பு வந்துவிட்டது. சடாமுனிச் சாமி இருந்த மரத்தடியில் இப்போது கார் கழுவுகிறார்கள்.

நிகழ்ச்சி முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒரு பெரியவர் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஜப்பான்காரன் காலத்தில், 1943-இல், அவருடைய தாத்தாவைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்களாம். திரும்பவில்லை. பாட்டி சாகிறவரை ராத்திரியில் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதே கிடையாதாம். வீட்டில் எல்லாரும் நள்ளிரவில் வாசலில் செருப்பில்லாத காலடி கேட்டிருக்கிறார்கள், கேட்டும் யாரும் எழுந்து பார்த்ததில்லை. "அது பேய்னு நாங்க சொன்னதில்லம்மா. தாத்தான்னுதான் சொல்லுவோம்" என்றார். அவள் பென்சிலை எடுக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது.

அடுத்த வாசிப்பு இரண்டு மாதம் கழித்து, அதே மண்டபத்தில். வாழ்த்துரை எதுவும் இருக்கக்கூடாது என்று ஏற்பாட்டாளரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன், மீகூன் மட்டும் வாசிப்பு முடிந்த பிறகு இருக்கலாம். கோயில் நிர்வாகத்துத் தம்பி அந்த டியூப் லைட்டை மாற்ற ஏணி கொண்டுவருவதாகச் சொன்னார். அப்படியே கிடக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.