‘சிப்பெண்டேல்’ நாற்காலியைச் செய்தவர் யார்?

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் செய்யப்பட்ட பழைய மகோகனி மர நாற்காலி ‘சிப்பெண்டேல்’ எனப்படுவதால், அதைத் தாமஸ் சிப்பெண்டேலே செய்தார் எனப் பலர் பகிர்ந்துள்ளனர். பெயர் அப்படி எண்ண வைப்பது இயல்புதான். ஆனால் அவர் லண்டனில் மரச்சாமான் பட்டறை நடத்தியவர். 1754இல் அவர் வெளியிட்ட வடிவமைப்பு நூல் கடல் கடந்து பரவியதால் அப்பெயர் ஒரு பாணிக்கே உரியதாயிற்று. பிலடெல்பியாவில் அப்பாணியில் நாற்காலிகள் செய்தவர்கள் தாமஸ் அஃப்லெக், பெஞ்சமின் ராண்டால்ஃப் போன்ற அவ்வூர்ப் பட்டறைக்காரர்கள். நுண்செதுக்கு வேலையைப் பெரும்பாலும் தனிச் சிற்பிகளே செய்தார்கள்.

இதைச் சரிபார்க்க, நாற்காலியைத் திருப்பிப் பின்காலைப் பாருங்கள். இருக்கையின் பக்கச்சட்டத்தின் கழுந்து (துளையில் செருகும் முனை) காலை முழுதும் ஊடுருவி, பின்புறம் சிறு செவ்வகமாகத் தெரிந்தால், அது பிலடெல்பியாத் தச்சர்கள் பெரிதும் கையாண்ட முறை. லண்டன் நாற்காலிகளில் அதைக் காண்பது அரிது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலிலும் இத்தகைய நாற்காலிகளுக்கு எதிரே செய்யப்பட்ட ஊர் பிலடெல்பியா என்றே இருப்பதைக் காணலாம்.