மிளகும் நானும் 400 மீட்டர் ஓடுபாதையும்

மகள் கரீபியனில் சாபா தீவில் மருத்துவம் படிக்கிறாள். தீவே 13 சதுர கிலோமீட்டர்தான். எங்கள் பூனை மிளகு பக்கத்தில் இல்லாமல் அவளுக்குப் படிப்பு ஏறவில்லையாம். சரி, கொண்டுபோய் விடலாம் என்று நியூஜெர்சியிலிருந்து கிளம்பினேன். அங்கே பிடித்தது சனி.

முதலில் தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப், அப்புறம்தான் வெறிநோய்த் தடுப்பூசி என்றார் கால்நடை மருத்துவர். எங்கள் வீட்டில் ஊசி முந்திவிட்டது. ஆகவே சிப் வைத்துவிட்டு மறுபடியும் ஊசி. உடல்நலச் சான்றிதழைச் சீக்கிரம் வாங்கினால் செல்லாது, தாமதித்தால் அதற்கு அரசு முத்திரை வந்து சேராது. என் பாஸ்போர்ட்டுக்குக்கூட இவ்வளவு அலைந்ததில்லை.

பக்கத்துத் தீவான சின்ட் மார்ட்டினில் இறங்கி, 19 பேர் உட்காரும் ட்வின் ஆட்டர் என்ற குட்டி விமானத்துக்கு மாற வேண்டும். சாபாவின் ஓடுபாதை வெறும் 400 மீட்டர், இரு முனையிலும் கடல். பெரிய விமானம் இறங்க வழியே இல்லை. அதனால் எல்லாவற்றுக்கும் எடை: பூனைக்கு, கூண்டுக்கு, எனக்கும்! போனில் பேசியவர் "தாராளமாக வாருங்கள்" என்றார். கவுண்டரில் இருந்தவரோ, "இன்று ஏற்கெனவே ஒரு நாய் போகிறது, நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். நாளைக்குப் பலத்த காற்று, விமானமே இல்லை. ஓட்டலில் பூனைக்குத் தனிக் கட்டணம். சாப்பிட்டதோ என் தட்டில் இருந்த மீனை!

பறந்தது ஏறக்குறைய கால் மணி நேரம். அவ்வளவு நேரமும் மிளகு ஒரே கத்தல். மகள் வந்து கூண்டைத் திறந்தாள். அப்புறம் இருவருமே என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.