யூடிஎஸ் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்

சென்னைப் புறநகரில் அடுக்குமாடி வீடு வாங்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வருகின்றன. எத்தனை படுக்கையறை, வாசல் எந்தத் திசை, கார் நிறுத்த இடம் உண்டா, லிஃப்ட் உண்டா, கட்டி எத்தனை வருடம் ஆகிறது, ரயில் நிலையத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பவை அவை. விலை பேசி முடித்து, முன்பணமும் கைமாறி, வங்கியின் வழக்கறிஞர் பத்திர நகலைக் கேட்கும்போதுதான், அந்த வீட்டோடு எத்தனை சதுர அடி நிலம் தமக்கு வருகிறது என்பது பலருடைய கண்ணில் படுகிறது. பிரிக்கப்படாத நிலப்பங்கு என்று பத்திரத்திலும் யூடிஎஸ் என்று பேச்சிலும் சொல்லப்படும் அந்த எண்தான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அது கடைசிக் கேள்வியாகிவிட்டதால்தான் தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் போன்ற இடங்களில் 25 வருடம் பழகிய நல்ல வீடுகள்கூட அடிமாட்டு விலைக்குக் கேட்கப்படுகின்றன. அதே தெருவில் பாதி நிலப்பங்கோடு எழும் புது வீடுகள் கூசாமல் விலை சொல்கின்றன.

எங்கள் குடும்பம் சேலையூர்ப் பக்கத்தில் உள்ள ஒரு வீட்டை விற்க முயன்றுகொண்டிருப்பதால், இந்தக் கணக்கை அருகிலிருந்து பார்க்க நேர்ந்தது. இரண்டு கிரவுண்டு மனை, அதாவது 4,800 சதுர அடி. தரைத்தளத்தில் இரண்டு வீடுகளும் வண்டி நிறுத்தும் இடமும், மேலே இரண்டு தளங்களில் மும்மூன்று வீடுகளுமாக மொத்தம் எட்டு வீடுகள். ஒவ்வொன்றும் 900 சதுர அடி. அந்தக் காலத்தில் சாதாரணக் கட்டடங்களுக்கு அனுமதிக்கப்பட்ட தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்எஸ்ஐ, 1.5 என்பதால் 4,800 சதுர அடி மனையில் 7,200 சதுர அடிக்கு மேல் கட்ட முடியாது. ஆகவே 900 சதுர அடி வீட்டுக்குச் சராசரியாக 600 சதுர அடி நிலம் வருகிறது. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சாதாரணக் கட்டடத்துக்கு அதை 2 ஆக உயர்த்தின. உயரமான கட்டடங்களுக்கு 3.25 வரை உண்டு. பழைய மகாபலிபுரம் சாலையில் எழும் அடுக்ககத்தில் அதே 900 சதுர அடி வீட்டை வாங்குபவருக்கு 300 சதுர அடி நிலம் கிடைத்தாலே பெரிது.

நிலத்தின் விலை சதுர அடி 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழைய வீட்டின் நிலப்பங்கு மட்டும் 36 லட்சம் ரூபாய் பெறும். அந்த வீட்டைத் தரகர்கள் சதுர அடிக்கு 5,000 என்று மதிப்பிட்டு 45 லட்சத்தில் நிற்கிறார்கள். அதாவது, குடியிருக்கத் தகுந்த, குடிநீரும் மின்சாரமும் இணைந்த, சன்னல்களில் காற்று வரும் ஒரு கட்டடத்துக்கு அவர்கள் கொடுக்கும் மதிப்பு ஒன்பது லட்சம். அதே பகுதியில் 300 சதுர அடி நிலப்பங்குள்ள புது வீடு சதுர அடி 7,000 வீதம் 63 லட்சத்துக்கு விலைபோகிறது என்றால், அதில் நிலம் 18 லட்சம், மிச்சம் 45 லட்சம் கட்டடத்துக்கும் கட்டியவரின் லாபத்துக்கும் போகிறது. புது வீட்டை யாரும் வாங்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. லிஃப்டும் பாதுகாவலரும் பிள்ளைகள் விளையாட இடமும் வேண்டும் என்பவர்கள் அதற்கு விலை கொடுப்பது அவர்கள் விருப்பம். எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கட்டும் என்பதே என் வாதம்.

இந்தக் கணக்கை ஒரு தரகரிடம் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "யூடிஎஸ் எல்லாம் யாரு சார் கேக்குறாங்க? கார் பார்க்கிங் கவர்டா ஓபனா, அதச் சொல்லுங்க. டைல்ஸ மாத்தி ஒரு கோட் பெயின்ட் அடிங்க, மூணு லட்சம் ஏத்திச் சொல்லலாம்." அவரைக் குறை சொல்வதற்கில்லை, எந்தக் கேள்வி வருகிறதோ அதற்குத்தான் அவர் பதில் வைத்திருக்கிறார்.

என் வாதத்துக்கு எதிராக நியாயமான ஒரு மறுப்பு உண்டு. நிலப்பங்கு காகிதத்தில் 36 லட்சம் பெறலாம். அதைக் காசாக்குவது எப்படி? இடித்துக் கட்டலாம் என்பார்கள். முன்பெல்லாம் ஒரே ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றாலும் முழுக் கட்டடமும் இடிந்து விழும்வரை காத்திருக்க வேண்டிய நிலை இருந்தது. 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபின் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். எட்டு வீட்டில் ஆறு பேர். இது நல்ல மாற்றம்தான். ஆனால் தியாகராய நகரிலும் அடையாறிலும் நடப்பதுபோல, பழைய வீட்டைக் கொடுத்துவிட்டுப் புது வீட்டையும் கையில் கொஞ்சம் ரொக்கத்தையும் வாங்கிக்கொள்ளும் கனவு புறநகரில் பலிக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 4,800 சதுர அடியில் இன்றைய விதிப்படி சுமாராக 9,600 சதுர அடி கட்டலாம். எட்டு உரிமையாளர்களுக்கும் பழைய அளவிலேயே கொடுத்தால் 7,200 போக, கட்டுநரின் கைக்கு விற்க வருவது 2,400 சதுர அடி. 7,000 வீதம் 1.68 கோடி. கட்டும் செலவு சதுர அடிக்கு 2,500 என்று குறைத்துப் பிடித்தாலும் 2.4 கோடி. அவருடைய லாபத்தைச் சேர்ப்பதற்கு முன்பே 72 லட்சம் துண்டு விழுகிறது. உரிமையாளர் ஒவ்வொருவரும் ஒன்பது லட்சம் கொண்டுவந்தால்தான் கணக்கு சரியாகும். அடையாறில் விற்பனை விலை இதைப்போல இரண்டு மூன்று மடங்கு இருப்பதால் அங்கே துண்டு விழுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே புறநகரில் நிலப்பங்கை உடனடிக் காசாக நினைக்கக்கூடாது. அதை ஒரு தரைவிலையாக நினைக்கலாம்: கட்டடம் எவ்வளவு பழசானாலும், எட்டுப் பேரும் சேர்ந்து மனையை மனையாகவே விற்றால் கைக்கு வரக்கூடிய தொகை அது. 300 சதுர அடி வைத்திருப்பவரின் தரைவிலை 600 வைத்திருப்பவரின் தரைவிலையில் பாதி. இருநூறு வீடுகள் உள்ள அடுக்ககத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் 134 பேரைச் சம்மதிக்கவைக்க வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

எல்லா 600 சதுர அடியும் ஒன்றல்ல என்பதும் உண்மை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு, அடையாறு நதியை ஒட்டிய நிலத்தின் விலை ஏன் ஒரு தெரு தள்ளி வேறாக இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையைச் சுற்றி நின்ற நீரும் அப்படித்தான். விற்பவர் வெள்ளை அடித்துச் சுவரை மறைத்துவிடலாம். ஆனால் மீட்டர்ப் பெட்டி நெஞ்சுயரத்திலிருந்து தலைக்கு மேலே ஏற்றப்பட்டிருப்பதையும், தண்ணீர் மோட்டார் மேடை கட்டி வைக்கப்பட்டிருப்பதையும், வாசற்படிக்கு வெளியே அரையடிக்குக் கல் வைத்துத் தடுப்புக் கட்டியிருப்பதையும் மறைக்க முடியாது. ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே சாலை போடுவதால், பல தெருக்களில் தரைத்தளம் சாலை மட்டத்துக்குக் கீழே போய்விட்டது. நிலப்பங்கை விசாரிக்கும்போது அந்த நிலம் சாலையைவிட எத்தனை அடி மேலே அல்லது கீழே இருக்கிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது பத்திரம். இங்கே விற்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அந்த மனையின் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டால் எட்டு வீட்டுக் கிரையப் பத்திரங்களும் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கும் நிலப்பங்கைக் கூட்டினால் மொத்த மனைக்குச் சமமாக வர வேண்டும். எங்கள் கட்டடத்தில் சிலருக்கு 600, சிலருக்கு 560 என்று எழுதப்பட்டிருக்கிறது, கூட்டினால் 4,640. மீதி 160 சதுர அடி யார் பெயரில் இருக்கிறது? சட்டப்படி இன்னும் மனையின் முதல் உரிமையாளர் பெயரில். அவர் காலமாகிவிட்டதால் அவருடைய வாரிசுகளிடம். கட்டுநர் அன்று வேண்டுமென்றே விட்டாரா, தட்டச்சில் நழுவியதா என்று இப்போது கண்டுபிடிக்க முடியாது. சில கட்டடங்களில் இதற்கு நேர்மாறாகக் கூட்டுத்தொகை மனையைவிட அதிகமாக இருக்கும். அது இன்னும் பெரிய தலைவலி, ஏனென்றால் யாரோ ஒருவர் இல்லாத நிலத்தை வாங்கியிருக்கிறார். பட்டா இன்றும் பழைய நிலச்சொந்தக்காரர் பெயரிலேயே இருக்கும் அடுக்ககங்களும் ஏராளம். வாரிசுகளைத் தேடிப் பிடித்துப் பிழைத்திருத்தல் பத்திரமோ, விடுபட்ட பங்குக்குப் புதுக் கிரையமோ எழுதி வாங்குவது எட்டுப் பேரும் சேர்ந்து செய்ய வேண்டிய காரியம். தனியாக ஒருவர் விற்றுவிட்டுப் போனால் சிக்கல் அப்படியே வாங்கியவர் தலையில் ஏறும்.

அரசின் பங்குக்கு வருகிறேன். மறுவிற்பனை வீட்டை வாங்குபவர் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம் என மொத்தம் 9 சதவீதம் கட்டுகிறார். 2023 டிசம்பரில் வந்த, நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சேர்த்து ஒரே மதிப்பு வைக்கும் கூட்டு மதிப்பு முறையில், கட்டுநரிடமிருந்து முதல் விற்பனையாக வாங்கும் வீட்டுக்கு 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம். 45 லட்ச ரூபாய் வீடு பழையது என்றால் 4,05,000 ரூபாய். கட்டிமுடித்த புதியது என்றால் 2,70,000 ரூபாய். கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்குப் பொதுவாக 5 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறதே என்பார்கள். நிறைவுச் சான்றிதழ் பெற்ற பிறகு விற்றால் அதுவும் இல்லை. கட்டுமானத் தொழிலை ஊக்குவிக்கும் நோக்கம் புரிகிறது. ஆனால் முதல் வீடு வாங்கும் நடுத்தர வருமானக் குடும்பம் பெரும்பாலும் பழைய வீட்டைத்தான் நாடி வருகிறது; கூடுதல் வரி அதன் தலையில்தான் விழுகிறது.

எனக்கு இதைவிட உறுத்துவது வேறொன்று. கூட்டு மதிப்பு என்பது நிலப்பங்கையும் கட்டடத்தையும் ஒன்றாகச் சேர்த்து, வீட்டுப் பரப்பின் சதுர அடிக்கு இவ்வளவு என்று பகுதிக்கேற்ப நிர்ணயிப்பது. பத்திரத்தை இரண்டாகப் பிரித்து, நிலப்பங்குக்கு ஒன்றும் கட்டுமான ஒப்பந்தத்துக்கு ஒன்றுமாக எழுதிய பழைய முறையில் குளறுபடிகள் இருந்தன. ஆனால் அதில் நிலத்துக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு என்பது வாங்குபவருக்குத் தனித்தனியாகத் தெரிந்தது. இப்போது ஒரே பகுதியில் 300 சதுர அடி நிலப்பங்கோடு வரும் வீட்டுக்கும் 600 சதுர அடியோடு வரும் வீட்டுக்கும் வித்தியாசம் மதிப்பில் தெரிவதில்லை. தரகர் மறந்ததை அரசும் மறந்துவிட்டது.

கருப்புப் பணம் பற்றி ஒரு வார்த்தை. அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்குப் பதிந்துவிட்டு மிச்சத்தை ரொக்கமாகக் கொடுங்கள் என்று கேட்கும் விற்பனையாளர்கள் புறநகரில் இன்றும் உண்டு. சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் இது அவர்களுக்கே நட்டம். இங்கே வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் சம்பளக்காரர்கள். வங்கி பத்திரத்தில் எழுதும் விலையைப் பார்த்துத்தான் கடன் கொடுக்கும். ரொக்கம் கேட்ட மறுநிமிடமே அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். மிஞ்சுவது இரண்டு மூன்று முதலீட்டாளர்கள், அவர்கள் அடித்துப் பேசும் விலைக்கு இறங்க வேண்டியதுதான்.

வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டம் வந்தபோது, சூப்பர் பில்ட்-அப் என்ற பெயரில் மாடிப்படியையும் வராந்தாவையும் சேர்த்து விற்ற வழக்கத்துக்கு எதிராக, வீட்டுக்குள் புழங்கும் இடமான கார்ப்பெட் பரப்பு என்ன என்பதை வரையறுத்து அதைச் சொல்லியே விற்க வேண்டும் என்று ஆக்கினார்கள். விளம்பரத்தில் பதிவு எண்ணும் கட்டாயமாயிற்று. அதே விளம்பரத்தில், கார்ப்பெட் பரப்புக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் அந்த வீட்டின் நிலப்பங்கையும் அச்சிட வேண்டும் என்று தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிடலாம். மறுவிற்பனைக்கு ஆணையத்தின் அதிகாரம் எட்டாது. அங்கே பதிவுத்துறை, கூட்டு மதிப்பை நிலப்பங்கின் அளவுக்கேற்ப மூன்று நான்கு படிகளாகப் பிரித்து வெளியிட்டால் போதும், தரகர்கள் தாமாகவே யூடிஎஸ் எவ்வளவு என்று கேட்கத் தொடங்குவார்கள்.