சோர்ஸ் ரூட்டிங்: பெயர் ஒன்று, வேலை இரண்டு

சிஸ்கோ ரவுட்டரில் 'நோ ஐபி சோர்ஸ்-ரூட்' என்று அடித்தால் டோக்கன் ரிங் பிரிட்ஜிங்கும் (கணினிகளை வளையமாக இணைக்கும் பழைய வலையமைப்பு முறையில், அந்த வளையங்களைப் பிரிட்ஜ் என்ற கருவியால் ஒன்றோடொன்று இணைப்பது) நின்றுவிடும் என்றொரு தகவல் சுற்றுகிறது. தவறு. ஐபி பாக்கெட்டின் தலைப்பகுதியில் (ஹெடர்) அனுப்புநர் குறிக்கும் வழியை மட்டுமே அந்தக் கட்டளை தடுக்கும். பாதுகாப்புக்காக அதைத் தயங்காமல் போடுங்கள்.

டோக்கன் ரிங்குக்காக ஐபிஎம் கொண்டுவந்த சோர்ஸ் ரூட் பிரிட்ஜிங் வலையமைப்பின் வேறு அடுக்கில் நடப்பது. அங்கே வழி தேடுவது பிரிட்ஜ் அல்ல, அனுப்பும் கணினிதான். அது வழி தேடும் தரவுத் துண்டான எக்ஸ்புளோரர் ஃப்ரேமை அனுப்பி, கடந்துபோகும் ரிங், பிரிட்ஜ் எண்களை அறிந்துகொள்கிறது. ரிங் எண்ணுக்கு 12 பிட், பிரிட்ஜ் எண்ணுக்கு 4 பிட். எவ்வளவு சிக்கனமான ஏற்பாடு!

இதற்கான கட்டளை 'சோர்ஸ்-பிரிட்ஜ்'. ஒரே ரிங்கில் இணைந்த பிரிட்ஜ்கள் அனைத்திலும் அந்த ரிங்குக்கு ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். தகராறு பெரும்பாலும் அங்கேதான்.